தண்ணீரில் காணாத உலோகம் சேற்றில் மட்டும் எப்படிச் சேர்கிறது?

ஆயர் ஈத்தாம் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாட ஆய்வுக்காக, ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்திலிருந்து ஜார்ஜ் டவுன் பக்கம் இறங்கி வரும் ஓடையொன்றில் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் இடத்திலும் தண்ணீரும் அடிச்சேறும் எடுத்துச் சோதித்தேன். தண்ணீரில் செம்பும் துத்தநாகமும் கருவி காட்டக்கூடிய அளவின் விளிம்பிலேயே நின்றுவிட்டன. ஆனால் அதே இடத்தில், அதே நேரத்தில் அள்ளிய சேற்றில் இரண்டும் தாராளமாக இருக்கின்றன. மூன்றாவது இடத்தில் மட்டும், மழைக்கு மறுநாள் எடுத்த தண்ணீரில் அளவு திடீரென்று பல மடங்கு ஏறியிருக்கிறது. அது ஏன் என்றும் விளங்கவில்லை.

கன உலோகங்கள் கனமானவை, அதனால் ஆற்றின் அடியில் போய்த் தங்கிவிடுகின்றன என்று ஒரு குறிப்பில் படித்தேன். அது என் மனத்துக்கு ஒப்பவில்லை. தேநீரில் கரைத்த சீனி, குவளையை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் மறுபடியும் அடியில் போய்ப் படிவதில்லையே. கரைந்துவிட்ட உலோகம் சேற்றைப் பிடித்துக்கொள்வது எப்படி? பிடித்துக்கொண்டது அங்கேயே இருந்துவிடுமா? மழைக்காலத்துக்கு முன்பு இயந்திரத்தைக் கொண்டு இந்த ஓடையைத் தூர்வாருவார்கள் என்பதால் இரண்டாவது கேள்வியையும் சேர்த்தே கேட்கிறேன்.

கோம்பாக் கரையோன்:

தங்கைக்கு வணக்கம். கோலாலம்பூரில் நீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் நெடுநாளாக வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குறிப்பு முழுப் பொய் அல்ல, இடம் மாறிய உண்மை. டூலாங் தட்டை ஏந்தி ஆற்றில் இறங்கி ஈயமணல் அரித்த பெண்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஈயத் தாதுவின் அடர்த்தி ஏறக்குறைய 7, சாதாரண மணலின் அடர்த்தி 2.65. தட்டைச் சுழற்றினால் மணல் வெளியேறும், தாது தங்கும். அங்கே கனம்தான் வேலை செய்கிறது, ஏனென்றால் அது கரையாத மணி. கரைந்த செம்போ தனி அயனி, அதாவது மின்சுமை ஏறிய அணு. சுற்றிலும் நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டு அலையும் அதற்கு, தன் எடையால் மூழ்குவது என்ற பேச்சே கிடையாது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு பரப்பு வேண்டும். (இன்னொன்று: நம் நாட்டுப் பேச்சில் ஈயம் என்றால் பெரும்பாலும் வெள்ளீயம்தான். குழப்பம் வராமலிருக்க, நஞ்சான மற்றதைக் காரீயம் என்றே எழுதுகிறேன்.)

அந்தப் பரப்பு எது என்று பார்க்க, ஓடையில் ஒரு பிடி மணலை அள்ளி நன்றாக அலசுங்கள். சேறெல்லாம் போன பிறகும் மணல் மஞ்சளும் பழுப்புமாகவே இருக்கும். படிகக்கல் மணிக்கு இயல்பில் நிறமில்லை. நாம் பார்க்கும் பழுப்பு, ஒவ்வொரு மணியின் மேலும் தோல்போல ஒட்டியிருக்கும் இரும்பு ஹைட்ராக்சைடுப் பூச்சு, அதாவது துரு. விரலால் தேய்த்தால் அது போகாது. சூடான அமிலத்தில் போட்டால் பூச்சு கரைந்து மணி வெளுத்துவிடும். உலோகத்தின் பெரும்பகுதி அந்தத் தோலில்தான் உட்கார்ந்திருக்கிறது, மணலில் அல்ல. மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் நீரேறிய ஆக்சைடுகளே மண்ணிலும் நீரிலும் மற்ற உலோகங்களைக் கட்டுப்படுத்துகின்றன என்று ஜென் என்ற ஆய்வாளர் 1968-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இத்துறையின் கண் மணியை விட்டு மணியின் தோலுக்குத் திரும்பியது.

ஒரு மில்லிமீட்டர் மணல் மணியை உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு கிராம் மணலின் மொத்தப் பரப்பு 0.002 சதுர மீட்டர்தான் வரும். ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் என்றால் 2 சதுர மீட்டருக்குச் சற்று மேல். புதிதாகப் படிந்த துருக்கூழுக்கோ, கணிப்பு மாதிரிகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு கிராமுக்கு 600 சதுர மீட்டர். ஒரு கிராம் துருவுக்குள் ஏழு பூப்பந்தாட்டக் களங்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் சேற்றை 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்து, நுண்பகுதியை மட்டும் ஒப்பிடச் சொல்கிறார்கள். ஓரிடத்தில் மணல் கூடுதலாகவும் இன்னோர் இடத்தில் களி கூடுதலாகவும் இருந்தால், மாசே இல்லாத ஓடையிலும் எண்கள் ஏறி இறங்கும். சல்லடை நைலான் வலையாக இருக்கட்டும். பித்தளைச் சல்லடையில் சலித்துவிட்டுச் செம்பும் துத்தநாகமும் அதிகம் என்று அறிக்கை எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன், பித்தளையே அந்த இரண்டின் கலவைதான்.

இனி பிடிப்பு எப்படி நடக்கிறது என்பது. துருவின் பரப்பெங்கும் ஆக்சிஜனும் அதில் தொங்கும் ஹைட்ரஜனும் வரிசையாக நிற்கின்றன. உலோக அயனி அருகில் வந்ததும் அந்த ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டுத் தானே ஆக்சிஜனுடன் பிணைந்துகொள்கிறது. தள்ளப்பட்ட ஹைட்ரஜன் அயனி தண்ணீருக்குள் போகிறது. வினை இவ்வளவுதான், ஆனால் இதிலிருந்தே பிஎச் (நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் அது இறங்கும்) ஏன் இத்தனை முக்கியம் என்பது விளங்கிவிடும். தண்ணீரில் ஏற்கெனவே ஹைட்ரஜன் அயனி மிகுந்திருந்தால், அதாவது நீர் அமிலமாக இருந்தால், வினை பின்னோக்கி ஓடி உலோகம் கழன்றுவிடும். பிஎச் ஏற ஏற ஒட்டும். அதுவும் சீராக ஏறுவதில்லை, ஓரிரு பிஎச் அலகுக்குள் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து ஏறக்குறைய முழுமைக்குத் தாவிவிடும். காரீயமும் செம்பும் பிஎச் 6-ஐ எட்டுவதற்குள் பெரும்பாலும் ஒட்டி முடித்துவிடும். துத்தநாகம் அவற்றுக்குப் பின்னால் வரும், நிக்கலும் காட்மியமும் இன்னும் தாமதிக்கும். ஆர்செனிக் மட்டும் எதிர்க்கட்சி. அது நீரில் எதிர்மின் அயனியாகத் திரிவதால், பிஎச் ஏறினால் கழலும், இறங்கினால் ஒட்டும்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எதிர்மின் பரப்பு நேர்மின் அயனியை இழுக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இந்தத் துருவின் பரப்பு பிஎச் 8-க்குக் கீழே நேர்மின்சுமைதான் கொண்டிருக்கிறது, அப்படியிருந்தும் பிஎச் 6-இல் நேர்மின் செம்பைப் பிடிக்கிறது. ஆகவே இது காந்தம்போல் இழுப்பது அல்ல, உண்மையான வேதிப் பிணைப்பு. மின்சுமை இழுப்பு மட்டும் வேலை செய்யும் இடம் களிமண். அங்கே அயனிகள் தளர்வாக நிற்கும், கால்சியம் வந்து தட்டினால் எழுந்து இடம்விடும். பினாங்குத் தீவின் கிரானைட் மலைகள் நம் வெயிலிலும் மழையிலும் சிதைந்து தருவது பெரும்பாலும் கயோலினைட் களி. அதன் அயனிமாற்றுத் திறன் 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லிசமானம் (பிடிக்கக்கூடிய மின்சுமையின் அலகு), ஸ்மெக்டைட் வகைக் களியிலோ 80-க்கும் மேல். எனவே குளிர்நாட்டுப் பாடநூல்கள் களிமண்ணுக்குத் தரும் மரியாதையை நம் ஊர் ஓடைகளில் துருவுக்கும் மக்கிய இலைதழைக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மக்கிய பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள ஹியூமிக் அமிலங்கள் செம்பை மிக இறுக்கமாகப் பிடிக்கும். துகளோடு ஒட்டிய அமிலமானால் செம்பு சேற்றுக்குப் போகும், நீரில் கரைந்த அமிலமானால் அதே செம்பு தண்ணீரோடு கடலுக்குப் போகும். ஒரே பொருள் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

பிறைவாசி:

மூன்றாவது இடத்துத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே. தங்கை, போத்தலில் நைட்ரிக் அமிலம் விட்டது தண்ணீரை வடிகட்டுவதற்கு முன்பா, பிறகா?

ஆயர் ஈத்தாம் மாணவி:

கோம்பாக் ஐயாவுக்கு மிக்க நன்றி. துரு என்ற சொல்லை இத்தனை மரியாதையோடு யாரும் எழுதி நான் படித்ததில்லை.

பிறைவாசி ஐயா, கேள்வியைப் படித்ததும் குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் நாள் மாதிரிகளை ஓடைக்கரையிலேயே வடிகட்டிவிட்டு அமிலம் சேர்த்திருக்கிறேன். மழைக்கு மறுநாள் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் வடிதாள் அடைத்துக்கொண்டது. வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அமிலத்தை விட்டுப் போத்தலை மூடி எடுத்துவந்து, மறுநாள் ஆய்வுக்கூடத்தில் வடிகட்டினேன். மூன்றாவது இடம் ஒன்றில்தான் அப்படிச் செய்தேன், மற்ற இடங்களில் தண்ணீர் தெளிந்திருந்தது. பிழை என்னுடையதுதான் என்று நினைக்கிறேன்.

பிறைவாசி:

அப்படியானால் நீங்கள் அளந்தது தண்ணீரை அல்ல, தண்ணீரில் மிதந்த சேற்றை. பிஎச் 2-க்குக் கீழே போனால் பிணைப்பு எந்தத் திசையில் ஓடும் என்று கோம்பாக் ஐயா மேலே எழுதிவிட்டார். துகள்களில் ஒட்டியிருந்ததெல்லாம் போத்தலுக்குள்ளேயே இரவெல்லாம் கழன்றிருக்கும். ஒரு விதத்தில் அந்தப் போத்தல்தான் உங்கள் முதல் கேள்விக்கு நேரடி விடை. அந்த எண்ணை அழித்துவிடாமல், ‘அமிலத்தில் கழன்ற மொத்த அளவு’ என்று தனியாகக் குறித்துவையுங்கள்.

வடிகட்டாமலும் அமிலம் விடாமலும் வைத்திருந்தால் நேர்மாறான பிழை நேர்ந்திருக்கும், உலோகம் துகளிலும் போத்தலின் உட்சுவரிலும் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்துபோகும். முதலில் வடிகட்டல், உடனே அமிலம், இந்த வரிசை மாறக் கூடாது.

வடிகட்டியதும் முழுக்கக் கரைசல் என்று எண்ண வேண்டாம். 0.45 மைக்ரோமீட்டர் என்ற வடிதாள் துளையளவு வசதிக்காக நாம் போட்டுக்கொண்ட கோடு, இயற்கை போட்டதல்ல. துருவின் மிக நுண்ணிய துகள் சில நானோமீட்டர்தான், வடிதாளின் துளையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. செம்பைச் சுமந்துகொண்டு அது தாளைக் கடந்துவிடும், நாமும் அதைக் ‘கரைந்த செம்பு’ என்று எழுதிவிடுவோம்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

நல்ல உரையாடல். தூர்வாரும் கேள்வி விடுபட்டிருப்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவி எடுத்த சேற்றின் நிறம் என்ன? மேலே ஒரு விரற்கடை பழுப்பாகவும், அதற்குக் கீழே கறுத்தும், கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்தோடும் இருந்தால், அங்கே இருப்பது ஓர் ஆட்சி அல்ல, இரண்டு ஆட்சிகள். மேலடுக்கில் ஆக்சிஜன் உண்டு, துரு ஆள்கிறது. கீழே நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, மாங்கனீசு ஆக்சைடையும் பிறகு இரும்பு ஆக்சைடையும் சுவாசத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கும்போது துருவே கரைந்துபோகிறது. பிடித்திருந்த கை கரைந்தால் பிடிபட்டதும் விடுபடும். ஆனால் இன்னும் ஆழத்தில் சல்பேட்டும் ஒடுக்கம் அடைந்து (தன் ஆக்சிஜனை இழந்து) சல்பைடாகிறது, விடுபட்ட செம்பு, காரீயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவை அதனுடன் சேர்ந்து மிகக் குறைவாகவே கரையும் சல்பைடுகளாகி மறுபடியும் அடைபடுகின்றன. கறுப்பு நிறம் இரும்புச் சல்பைடின் நிறம். செம்பு வந்தால் இரும்பு தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும். குளிர்ந்த அமிலத்தில் ஆவியாகும் சல்பைடின் மோல் அளவு, அதனுடன் வெளிவரும் உலோகங்களின் மோல் அளவைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த உலோகங்களால் சேற்றில் வாழும் உயிர்களுக்குத் தீங்கு குறைவு என்ற ஒப்பீட்டு முறை 1990-ஐ ஒட்டி வந்தது இந்த அடிப்படையில்தான்.

இப்போது இயந்திரம் வருகிறது. கறுஞ்சேறு மேலே வந்து காற்றைக் காண்கிறது. இரும்புச் சல்பைடு சில மணி நேரத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடையும். விடுபட்ட இரும்பு, நடுநிலை நீரில் உடனே புதுத் துருவாகிப் படியும்போது, கழன்ற உலோகத்தில் ஒரு பகுதியைத் தானே திரும்பப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஓடைநீரில் அளவு ஏறினாலும் பெரும்பாலும் அது சிறிது நேர ஏற்றம்தான். நான் அஞ்சுவது வேறு. வாரிய சேற்றைக் கரையோரத்தில் குவித்துவிட்டுப் போனால், வாரக்கணக்கில் சல்பைடு கந்தக அமிலமாக மாறிக் குவியலின் பிஎச் விழுகிறது, மழை பெய்யும்போதெல்லாம் குவியலிலிருந்து உலோகம் வடிகிறது. அலையாத்திக் காட்டு மண்ணிலிருந்து நீரை வடித்துவிட்டு விவசாயம் செய்த கடலோரங்களில் பிஎச் 4-க்கும் கீழே போவது இதே வேதியியலால்தான். கிரானைட் மலையிலிருந்து வரும் உங்கள் ஓடையில் அமிலத்தை ஈடுசெய்யும் கார்பனேட் குறைவு. கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்துமலையைப் போன்ற சுண்ணாம்புக் கல் நிலத்தின்மேல் ஓடிவரும் நீருக்கு அந்தப் பாதுகாப்பு ஓரளவு உண்டு.

ஜப்பானின் ஜின்சூ ஆற்றுப் படுகை இதற்குக் கடுமையான சான்று. கமியோக்கா சுரங்கத்திலிருந்து ஆறு கொண்டுவந்த காட்மியம் நெல்வயல்களில் படிந்தது. வயலில் தண்ணீர் நிற்கும்வரை அது சல்பைடாக அடங்கியிருக்கும், கதிர் முற்றும் காலத்தில் நீரை வடித்ததும் ஆக்சிஜனேற்றம் பெற்றுக் கரைந்து நெல்லுக்குள் ஏறும். ‘இத்தாய் இத்தாய்’ என்று வலியால் கதறியவர்களின் நோய்க்கு அதுவே பெயராயிற்று.

காட்மியத்தைப் பற்றிப் பேசும்போது கழிமுகத்தையும் சொல்ல வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கிறது. ஜூரு போன்ற ஆறுகளில் ஓதம் ஏறி உப்புநீர் உள்ளே வரும்போது, குளோரைடு காட்மியத்தைத் துகளிலிருந்து பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. காரீயத்திடம் இந்த ஆசைகாட்டல் அவ்வளவாகப் பலிக்காது.

கோம்பாக் கரையோன்:

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. மாணவியின் செயல்முறையில் மட்டும் ஒரு கவலை. சேற்றில் எந்தக் கை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அறிய, டெசியரும் உடன் ஆய்வாளர்களும் 1979-இல் வகுத்த ஐந்துபடி முறையைத்தான் அடுத்துச் செய்யப்போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மக்னீசியம் குளோரைடில் தளர்ந்த அயனிகள், பிஎச் 5 அசிட்டேட்டில் கார்பனேட், ஹைட்ராக்சிலமீனில் இரும்பு மாங்கனீசு ஆக்சைடு, பெராக்சைடில் கரிமமும் சல்பைடும், கடைசியில் கனிமத்துக்குள் சிறைப்பட்ட மீதி. செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு படியிலும் வெளிவந்ததை அந்தந்தப் பொருளின் பெயரால் அழைக்க அவசரப்படாதீர்கள். ஒரு படியில் கழன்றது, அதே குழாயில் எஞ்சியிருக்கும் இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய வம்பு, பலர் சேற்றை முதலில் வெயிலில் காயவைத்து இடித்துப் பொடியாக்குகிறார்கள். கறுஞ்சேற்றைக் காயவைப்பது என்றால் ஆசிரியர் சொன்ன கரையோரக் குவியலைச் சிறு தட்டில் செய்து பார்ப்பதுதான். சல்பைடில் இருந்தது துருவுக்கு இடம் மாறிவிடும், உங்கள் அட்டவணையோ அது தொடக்கத்திலிருந்தே துருவில் இருந்ததாகச் சொல்லும். ஈரமாகவே, காற்றுப் புகாமல், குளிரில் வையுங்கள்.

பிறைவாசி:

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். மாதிரிகளை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?

ஆயர் ஈத்தாம் மாணவி:

வகுப்பு முடிந்து போவதால் வழக்கமாக மாலை நான்கு மணி சுமார். மழைக்கு மறுநாள் மட்டும் வகுப்புக்கு முன்பு, காலையில் போனேன். சேறு ஆசிரியர் ஐயா சொன்னது போலத்தான், மேலே பழுப்பு, கீழே கறுப்பு, நாற்றமும் உண்டு. நான் இரண்டையும் ஒன்றாகக் கலக்கித்தான் எடுத்தேன். காயவைக்கவும் செய்தேன்.

பிறைவாசி:

அப்படியானால் மாலை எண்களையும் காலை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. வெயில் உள்ள பொழுதில் பாறையில் படிந்த பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் ஆழமில்லாத ஓடையின் பிஎச் பிற்பகலில் ஏறும், இரவில் இறங்கும். அமெரிக்காவின் மொன்டானாப் பகுதியில் பழைய சுரங்கங்களை ஒட்டிய ஓடைகளில் இரவு பகலாக மாதிரி எடுத்தபோது, கரைந்த துத்தநாகம் விடியலுக்கு முன் உச்சத்திலும் பிற்பகலில் அடிமட்டத்திலும் இருந்தது. ஆர்செனிக் அதற்கு நேர்மாறாக நடந்தது. காலையில் கழன்று மாலையில் ஒட்டும் இந்த நடையை நீங்கள் மாலைப் பாதியில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீரில் துத்தநாகம் அரிதாகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் ஓடை நிழலில் ஓடுகிறதா, பாசி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

துத்தநாகம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது ஆலைகளை மட்டும் பார்க்காதீர்கள். கரையோர வீடுகளின் தகரக் கூரைக்குப் பூசியிருப்பது துத்தநாகம், வண்டிச் சக்கர ரப்பரிலும் துத்தநாக ஆக்சைடு உண்டு. நம் நாட்டு நீர்த்தரக் குறியீட்டில் சேரும் ஆறு அளவீடுகளில் ஓர் உலோகமும் இல்லை என்பதையும் அறிக்கையின் முன்னுரையில் எழுதுங்கள், குறியீடு நன்றாக இருக்கும் ஆற்றின் சேற்றை ஏன் தோண்டினீர்கள் என்று யாராவது கேட்பார்கள்.

ஆயர் ஈத்தாம் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. வரும் சனிக்கிழமை விடியலுக்கு முன் ஐந்தரைக்கும், அன்றே மாலை நான்கு மணிக்கும் ஐந்து இடங்களிலும் எடுக்கப்போகிறேன், பிஎச்-ஐ அங்கேயே அளந்துவிடுகிறேன். பழுப்பு அடுக்கைத் தனியாகவும் கறுப்பைத் தனியாகவும் நெகிழிக் கரண்டியால் அள்ளி, போத்தலைக் கழுத்துவரை நிரப்பி மூடி ஐஸ் பெட்டியில் கொண்டுவருவேன்.

ஒரு சிறு சந்தேகம் மட்டும். இரண்டாவது இடத்தில் கரையிலிருந்து ஊற்று கசியும் பக்கம் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம்போல் வானவில் நிறத்தில் மின்னுகிறது, அடியில் ஆரஞ்சு நிறக் கூழ் இருக்கிறது. யாரோ எண்ணெய் கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அந்த இடத்தைத் தவிர்த்து வந்தேன்.

கோம்பாக் கரையோன்:

தவிர்க்காதீர்கள். ஒரு குச்சியால் அந்தப் படலத்தைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெயானால் குச்சியைச் சுற்றி மறுபடியும் கூடிக்கொள்ளும். கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து தனித்தனியாக மிதந்தால், அது இரும்பு நுண்ணுயிர்கள் கட்டிய படலம், அடியில் இருக்கும் கூழ் அன்றன்றைக்குப் பிறந்த துரு. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஆறாவது மாதிரியாகச் சேருங்கள், ஐந்து இடத்துச் சேற்றையும்விட அதில் துத்தநாகம் கூடுதலாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.